பதினேழாம் நம்பர் மேடு

எங்கள் யாரிபுக் கால்பந்து மைதானத்தில் வண்டிக்குள் இருந்தபடியே ஆட்டம் பார்ப்போம்; வேலியோரத்தில் யார் வண்டி எங்கே நிற்க வேண்டும் என்பதை யாரும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைக்கத் தேவை இருந்ததில்லை. கேன்டீனுக்குப் பக்கத்தில், ஒற்றை யூகலிப்டஸ் நிழலில், பெங்கெல்லி வீட்டு வண்டி. ஸ்கோர் பலகைக்கு அடியில் லூதரன் பாதிரியார் வண்டி, அவர் எந்தப் பாதிரியாராக இருந்தாலும். நடு மைதானத்துக்கு நேரே, மேட்டின் மேல், எங்கள் வண்டி. விடியற்காலையில் வந்து இடம் பிடிக்கும் வழக்கம் பக்கத்து ஊரான மெரின்டாக்காரர்களுக்கு உண்டு. எங்களுக்கு இல்லை. ஆட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து வந்தாலும் எங்கள் இடம் காலியாகவே இருக்கும். ஒருவர் இறந்துபோனால் அந்த சீசன் முடியும்வரை அவர் இடத்தில் யாரும் வண்டி நிறுத்த மாட்டார்கள்.

அந்த மேடு எங்கள் அப்பாவுக்கு எப்படி வந்தது என்பது ஊருக்கே தெரிந்த கதை. அப்போது மைதானம் வெறும் மணல். பந்து விழுந்தால் எழும்பாது. அப்பா தன் லாரியில் நாற்பது நடை களிமண் அடித்துக் கொட்டினார். ஒரு பைசா கூலி வாங்கவில்லை. அதற்கு மரியாதையாகக் கமிட்டி கூடி நடு இடத்தை ஓட்டோ நாஸ்கே குடும்பத்துக்கு என்று விட்டுக் கொடுத்தது. எங்கள் வீட்டில் அப்படித்தான் சொல்லி வந்தோம்.

அப்பாவுக்குப் பிறகு என் தம்பி எர்வின் அங்கே நிறுத்தினான். அவனுக்கு இப்போது எழுபத்து நான்கு வயது. இருபத்தைந்து வருடப் பழைய பிக்கப் வண்டி. ஆட்டம் முடிந்ததும் கியரை விடுவித்து, மேட்டிலிருந்து உருட்டி விட்டுத்தான் வண்டியைக் கிளப்புவான். "பெட்ரோல் மிச்சம்" என்பான். "பேட்டரி மாத்துங்க" என்று அவன் மனைவி மாவிஸ் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வருடம் எங்களுக்கு எதுவும் சரியாக அமையவில்லை. தண்டவாளத்தை ஒட்டிய எண்பது ஏக்கர் கிளப்பின் நிலம். ஒவ்வொரு வருடமும் ஆளுக்கொரு டிராக்டரோடு வந்து ஒரே நாளில் விதைத்து, ஒரே நாளில் அறுத்து, அந்தப் பணத்தில் கிளப் ஓடும். செப்டம்பரில் பார்லி பால் பிடிக்கும் நேரத்தில் இரண்டு ராத்திரி உறைபனி விழுந்தது. கதிரைப் பிதுக்கினால் தண்ணீர்தான் வந்தது. வைக்கோலாக வெட்டி விற்றோம். நவம்பரில் வந்த புழுதிப் புயல் ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையின் கூரையைத் தூக்கிப்போய் க்ளெம் பெங்கெல்லியின் ஆட்டு மந்தைக்கு நடுவே போட்டது. ஆணிகள் துருப்பிடித்தவை என்று சொல்லிக் காப்பீட்டுக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமைக்குள் கூரையும் வெந்நீரும் இல்லாவிட்டால் யாரிபுக்கில் ஆட்டம் கிடையாது, எல்லா ஆட்டமும் மெரின்டாவில் என்று லீக்கிலிருந்து கடிதம் வந்தது. அதன் அர்த்தம் எங்களுக்குத் தெரியும். குல்வின் கிளப் ஒரே ஒரு வருடத்துக்கு என்று சொல்லித்தான் அடுத்த ஊருக்குப் போனது. குல்வின் மைதானத்தில் இப்போது கோதுமை. கோல் கம்பங்களைப் பிடுங்க யாருக்கும் மனம் வரவில்லை. விதைக்கும் இயந்திரம் அவற்றைச் சுற்றிச் சுற்றிப் போகிறது.

கூரைக்குப் பதினாலாயிரம் டாலர் தேவைப்பட்டது. எர்வினின் மகள் ஹெய்டிதான் கிளப் தலைவி. ஜனவரிக் கூட்டத்தில் அவள் அந்த யோசனையைச் சொன்னாள். எங்கள் பக்கம் ஜனவரிதான் கோடை உச்சம்; வெளியே நாற்பத்து நான்கு டிகிரி. நான் தேநீர்ப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"வேலியோரத்துல அறுபத்தோரு இடம் இருக்கு" என்றாள். "நம்பர் போட்டு ஏலம் விடுவோம். ஒரு சீசனுக்கு. நூறு டாலர்ல ஆரம்பிக்கலாம்."

க்ளெம் பெங்கெல்லி எழுந்தார். "என் இடத்தை எனக்கே விக்கப் போறியாம்மா?"

"ஆமா, க்ளெம் மாமா."

"உங்க வீட்டு மேடும் ஏலத்துல உண்டா?"

"பதினேழாம் நம்பர். முதல்ல எழுதினது அதைத்தான்."

பதினான்குக்குப் பன்னிரண்டு என்ற கணக்கில் யோசனை ஜெயித்தது. எர்வின் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஹெய்டியின் வீடு எர்வின் வீட்டிலிருந்து இருநூறு தப்படி. நிலம் ஒன்று, கொட்டகை ஒன்று, ஆடுகள் ஒன்று. அந்த மாதம் ஆடுகளுக்கு வாலடி மயிர் கத்தரிக்கும் வேலை. கொட்டகைக்குள் சூடும் ஆட்டு மயிர்ப் பிசுக்கின் வாடையும் ஈயும். அப்பன் ஒரு இயந்திரக் கத்தரி, மகள் ஒரு கத்தரி. நடுவில் மயிரைப் பெருக்கித் தள்ளிக்கொண்டு நான்.

"அத்தை, அடுத்த பட்டி ஆடுகளை உள்ள விடச் சொல்லுங்க உங்க தம்பிகிட்ட."

"அக்கா, காதுல விழுந்துச்சுன்னு அவகிட்ட சொல்லு."

"அந்தக் கத்தரி மழுங்கிப் போச்சுன்னும் சொல்லுங்க அத்தை. ஆடு துள்ளுது."

"ஆடு துள்றது கத்தரியால இல்ல, இங்க இருக்கிறவங்க வாயாலன்னு சொல்லுக்கா."

"ரெண்டு பேரும் என்னை என்ன தபால்பெட்டின்னு நினைச்சீங்களா?" என்றேன். துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

இயந்திரம் நின்றது. ஹெய்டி நெற்றியைத் துடைத்துக்கொண்டு நேராக அவனைப் பார்த்தாள்.

"அப்பா, ஒரு நூறு டாலர். கையைத் தூக்கினா முடிஞ்சுது. தாத்தா மண்ணடிச்ச இடம்னு நம்மளை எதிர்த்து மட்டும் யாரும் கேக்க மாட்டாங்க."

"அதுதான் அசிங்கம். எங்கப்பா நாப்பது நடை மண்ணடிச்சு வாங்கின இடம். அதுக்குப் போயி நான் கையைத் தூக்கணுமா, சந்தையில கிடா வாங்குற மாதிரி?"

"அப்போ தலைவி தன் வீட்டு இடத்தை மட்டும் ஒதுக்கிக்கிட்டான்னு ஊர்ல பேசட்டுமா?"

"ஏலமே வேண்டாங்கறேன்."

"வேற வழி சொல்லுங்க. கேக்கறேன். இப்பவே எல்லாருக்கும் போன் பண்றேன்."

எர்வின் குனிந்து கத்தரிக்கு எண்ணெய் விட்டான். அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க ஹெட்விக் அத்தை."

"பரம்பரை இடத்தைச் சந்தைக்குக் கொண்டு போறது முறையில்ல" என்றேன். நான் நம்பியதைத்தான் சொன்னேன்.

"சரி. இன்னும் ரெண்டு வருஷத்துல மேட்டு மேல நின்னுக்கிட்டு கோதுமையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆட்டைப் பிடித்து இழுத்தாள். அதற்குப் பிறகு ஏழு வாரம் அப்பனும் மகளும் பேசவில்லை.

அந்த மேட்டைப் பற்றி எர்வினிடம் யாரும் வாய் கொடுப்பதில்லை. இருபது வருடத்துக்கு முன் ஒருமுறை க்ளெம் கொடுத்தார். கிளப்பில் எல்லாரும் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது, "மேடு எதுக்குன்னு எங்கப்பா சொல்லியிருக்காருடா. உங்கப்பன் லாரிக்கு ஸ்டார்ட்டர் கிடையாது. உருட்டி விடத்தான் மேடு" என்றார். எர்வின் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்த லாரியை விற்றபோது அவனுக்கு ஐந்து வயது. எனக்குப் பதின்மூன்று. "ஸ்டார்ட்டர் இருந்துச்சு" என்று எல்லார் முன்னாலும் சொன்னேன். அதோடு பேச்சு முடிந்தது. க்ளெமோடு எர்வின் இரண்டு வருடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மார்ச் இரண்டாம் சனிக்கிழமை, ஊர் மண்டபத்தில் ஏலம். பெண்கள் ஸ்கோன் ரொட்டியும் கஸ்டர்ட் துண்டுகளும் கொண்டுவந்திருந்தார்கள். வாசலில் ஆட்டிறைச்சி வாட்டிக்கொண்டிருந்தார்கள். ஜன்னல்களைத் திறந்தால் ஈ, மூடினால் புழுக்கம். ஈ பரவாயில்லை என்று திறந்து வைத்திருந்தோம். வாரச் சந்தையில் ஆடு ஏலம் விடும் டார்சிதான் இதையும் விட வந்திருந்தார். ஹெய்டி மேடைக்கு ஓரத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். எர்வின் கடைசி வரிசையில், மாவிஸுக்கும் எனக்கும் நடுவில்.

"எதுக்கு வந்தீங்க? கேக்கத்தான் மாட்டீங்களே" என்றாள் மாவிஸ்.

"நம்ம இடத்தை எவன் கேக்கறான்னு பாக்க வந்தேன்."

ஒன்றாம் நம்பர் வந்தது. அதற்கு உரியவர் "நூறு" என்றார். டார்சி சுற்றிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. சுத்தி விழுந்தது. இரண்டாம் நம்பர். நூறு. சுத்தி. மூன்றாம் நம்பர் பாதிரியாருடையது. அவர் வெட்கத்தோடு விரலைத் தூக்கினார். நூறு. எல்லாரும் கைதட்டினார்கள்.

கடன் தாங்காமல் ஒரு குடும்பம் சாமான்களை ஏலம் விட்டால், அந்த வீட்டுக்காரன் தன் உழுகலப்பையைக் கேட்கும்போது பக்கத்து நிலத்துக்காரன் போட்டிக்குக் கேட்க மாட்டான். எங்கள் பக்கத்தில் அது சட்டத்தைவிடப் பெரியது. அந்த மரியாதையை மண்டபத்துக்குள்ளும் எல்லாரும் அப்படியே கொண்டுவந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் நல்லது செய்வதாகத்தான் நினைத்தார்கள். கிளப் அவர்கள் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தது. நகரத்தில் எட்டு வருடம் வேலை பார்த்துவிட்டு வந்த ஹெய்டிக்கு மட்டும் அந்த மரியாதை மறந்துபோயிருந்தது. ஐந்தாம் நம்பர் விழுந்தபோது அவளுக்குப் புரிந்துவிட்டது. பேனாவை நோட்டின் மேல் அழுத்திப் பிடித்திருந்தாள். கழுத்து சிவந்திருந்தது.

"எட்டு இடம், எண்ணூறு" என்று எர்வின் முணுமுணுத்தான். "அறுபத்தொண்ணும் போனாலும் பாதிகூடத் தேறாதே."

"தேறாது" என்றேன்.

"அவளுக்குத் தெரிஞ்சு போச்சுக்கா. மூஞ்சியைப் பாரு."

ஒன்பதாம் நம்பர். கேன்டீன் பக்கத்து நிழல். முன்வரிசையிலிருந்து க்ளெம் திரும்பிக்கூடப் பார்க்காமல் "நூறு" என்றார். டார்சி சுத்தியை ஓங்கினார். எர்வின் கை மேலே போனது.

க்ளெம் திரும்பினார். "என்ன எர்வின், ஈ ஓட்டுறியா?"

"ஈ இல்ல. நூத்தம்பது."

மண்டபத்தில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. வாசலில் இறைச்சி வாட்டுகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

"டேய், அது என் இடம்டா."

"ஏலத்துல யாருக்கும் சொந்த இடம் கிடையாதுன்னு கிளப் தலைவி சொல்லியிருக்கா."

"இருநூறு!" க்ளெமுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முந்நூறு."

"நாப்பது வருஷமா உன் பக்கத்து வேலிக்காரன்டா நான். உன் ஆடு தப்பி வந்தா போன் பண்ணிச் சொல்றவன்டா."

"வேலிக் கம்பியில பாதி நான் கட்டினது. நானூறு."

"அது என் முறைடா மடையா, உன் கேள்விக்கு மேலயே நீ கேக்கறே!"

சிரிப்பு வெடித்தது. டார்சி சிரித்துக்கொண்டே நானூறை அழித்துவிட்டு மறுபடி தொடங்கினார். ஐம்பதும் நூறுமாக ஏறி, க்ளெம் எண்ணூற்றைம்பது என்றதும் எர்வின் இரண்டு கையையும் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டான்.

"நல்ல இடம் க்ளெம். நிழல் இருக்கு. நீயே வச்சுக்கோ."

"இருடா" என்றார் க்ளெம். "பதினேழு வரட்டும்."

அதற்குப் பிறகு மண்டபத்தைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. மரியாதையை ஒருவர் உடைத்தபின் மற்றவர்களுக்குத் தயக்கம் போய்விட்டது. அறுபது வருடமாக வெளியே வராத கணக்குகள் எல்லாம் வந்தன. எவன் எவன் வேலிக்குள் ஆட்டை மேயவிட்டான், எவன் மகள் கல்யாணத்தில் யாரை எங்கே உட்காரவைத்தார்கள் என்பதெல்லாம் ஐம்பது ஐம்பது டாலராக ஏறியது. பத்து முந்நூறுக்குப் போனது. பன்னிரண்டுக்காக இரண்டு சகோதரிகள் கத்திக்கொண்டார்கள். ஹெய்டிக்குத் தலை நிமிர நேரமில்லை, எழுதிக்கொண்டே இருந்தாள்.

பதினேழு வந்ததும் சத்தம் அடங்கியது. டார்சி எர்வினைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"ஐநூறு" என்றார் க்ளெம், எடுத்த எடுப்பில்.

எர்வின் கை பைக்குள்ளேயே இருந்தது. துணிக்கு மேலே அவன் விரல் முட்டிகள் புடைத்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு இளம் ஜோடி அறுநூறு என்றது. க்ளெம் எழுநூறு. அப்படியே ஆயிரத்து முந்நூறு வரை போனது. டார்சி சுத்தியைத் தூக்கி நீண்ட நேரம் வைத்திருந்தார்.

"எர்வின்?"

"விடுங்க டார்சி. நல்ல விலை."

சுத்தி விழுந்தது. மாவிஸ் பையிலிருந்து ஒரு புதினா மிட்டாயை எடுத்து அவன் மடியில் வைத்தாள். அவன் அதைத் தொடவில்லை. எங்கள் அப்பாவின் இடத்தில் பெங்கெல்லி வண்டி நிற்கப் போகிறது. எழுந்து போய்விடலாம் என்று பார்த்தேன். எர்வின் எழவில்லை. அதனால் நானும் எழவில்லை.

கடைசியாக அறுபத்தொன்று. தெற்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால், கழிவறையை ஒட்டின பள்ளம். மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். அதுவரை அங்கே யாரும் நிறுத்தியதில்லை. யாரும் கேட்கவில்லை. எர்வின் கையை வெளியே எடுத்தான்.

"நூறு."

சிரிப்பும் கைதட்டலும் கலந்து எழுந்தது. பணம் கட்ட அவன் மேடைப் பக்கம் போனபோது நான் பின்னாலேயே போனேன். ஹெய்டி தலை நிமிராமல், "பேரு?" என்றாள்.

"எர்வின் நாஸ்கே."

"எழுத்துக் கூட்டிச் சொல்லுங்கப்பா."

"உன் பேர்ல பாதி அதுதான்."

அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "பதினாறாயிரத்துக்கு மேல வந்திருக்குப்பா."

"வெந்நீர்க் குழாயையும் மாத்திடு. அது ஒழுகுது" என்றான்.

கூரைத் தகடுகள் வந்ததும் ஊரே கூடி வேலை செய்தது. எர்வின் கிழக்கு ஓரத்திலிருந்தும் க்ளெம் மேற்கு ஓரத்திலிருந்தும் திருகாணி முடுக்கிக்கொண்டே போனார்கள். நடுவில் சந்தித்தபோது க்ளெம் ஆணிப் பெட்டியை நீட்டினார். எர்வின் வாங்கிக்கொண்டான். அவ்வளவுதான்.

ஏப்ரல் முதல் சனிக்கிழமை காலை பருவத்தின் முதல் தூறல் விழுந்தது. புழுதி அடங்கும் அளவுக்குத்தான். ஆனாலும் விதைப்புக்கு வந்த மழை என்று எல்லார் முகமும் மலர்ந்திருந்தது. கேன்டீனில் பூசணி சூப் பதினோரு மணிக்கே தீர்ந்துவிட்டது. ஊர்க்காரர்கள் தங்கள் புதிய இடங்களைத் தேடி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தப்புத் தப்பாகப் போய் நின்றார்கள். பாதிரியாரை ஸ்கோர் பலகைக்கு அடியிலிருந்து கிளப்ப ஒரு தூது போகவேண்டியிருந்தது. அவர் இடம் நாற்பத்து மூன்று. ஏலத்தில் அதையும் ஆவேசத்தில் கேட்டிருக்கிறார், பலகைக்கு அடியிலுள்ள மூன்றாம் நம்பரை மகனுக்குக் கொடுத்துவிட்டதை மறந்துவிட்டார்.

நாங்கள் மூவரும் அறுபத்தொன்றாம் நம்பரில், ஈரப் பள்ளத்தில். அங்கிருந்து ஆட்டம் பாதிதான் தெரியும். கோல் கம்பங்களின் பின்புறமும் ஆட்டக்காரர்களின் முதுகும். எதிரே தூரத்தில் மேட்டின் மேல் க்ளெமின் வெள்ளை வண்டி பளபளத்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன். எங்கள் பையன்கள் தெற்குப் பக்கம் கோல் போடும்போதெல்லாம் எர்வின் ஹாரனில் கையை வைத்து எடுக்கவே மாட்டான். சுற்றிலும் அறுபது வண்டிகளும் அலறும். மூன்றாம் கால் பகுதியில் எங்கள் ஹாரன் கம்மியது. கடைசிக் காலில் ஜலதோஷம் பிடித்த ஆடு மாதிரி ஆனது. எங்கள் பக்கத்துக் கால்பந்தில் ஒரு கோலுக்கு ஆறு புள்ளி; பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம்.

எர்வின் சாவியைத் திருப்பினான். டக் என்று ஒரு சத்தம். மறுபடியும் டக்.

"பேட்டரி" என்றாள் மாவிஸ்.

"தெரியும்."

"ரெண்டு வருஷமா சொன்னேன்."

"தெரியும்னு சொல்றேனில்ல."

மைதானத்தைக் குறுக்காகக் கடந்து க்ளெமும் அவர் மகனும் ஹெய்டியும் வந்தார்கள். க்ளெம் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மேட்டுல நின்னிருந்தா தானா உருண்டு போயிருக்கும்" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. "எர்வின், நான் சும்மா…"

எர்வின் வண்டியிலிருந்து இறங்கினான். முதுகை நிமிர்த்தி நின்றான். பார்த்தது க்ளெமை அல்ல, என்னை.

"அக்கா. அப்பா லாரில ஸ்டார்ட்டர் இருந்துச்சா?"

புதிய கூரைக்கு அடியிலிருந்து பையன்களின் பாட்டு கேட்டது. வெந்நீர் ஓடும் சத்தமும் கேட்டது. நானும் இறங்கினேன்.

"கிடையாது" என்றேன்.

"நாப்பது நடை?"

"நாப்பது நடை உண்மை. முப்பது மைதானத்துக்கு. ஸ்டார்ட்டர் வாங்கிப் போடப் பணமில்ல. மீதி பத்து நடையை ஓரத்துல கொட்டி மேடு கட்டினார், லாரியை உருட்டிவிட. கமிட்டி எதுவும் குடுக்கல. யாரும் கேக்கல, அவ்வளவுதான்."

எர்வின் மேட்டைப் பார்த்தான். அவன் தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறான் என்று நினைத்து ஹெய்டி ஓர் அடி எடுத்து வைத்தாள். அவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

"பத்து நடையா!"

"எங்கப்பா அஞ்சுன்னார்" என்றார் க்ளெம்.

"உங்கப்பா எண்ணத் தெரியாதவர்."

"ஏறுடா. நாங்க தள்ளுறோம். மாவிஸ், நீங்க தள்ளி நில்லுங்க. ஹெட்விக் அக்கா, நீங்க உள்ள உக்காருங்க, குளிருது."

"நான் உக்கார மாட்டேன்" என்றேன்.

ஈரத்தில் காலணி புதைந்தது. க்ளெமுக்கும் ஹெய்டிக்கும் நடுவில் போய் வண்டியின் பின்பலகையில் கை வைத்தேன். உள்ளங்கையை எங்கே பதிக்க வேண்டும், எந்தக் காலைப் பின்னால் ஊன்ற வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அப்பாவின் லாரியைத் தள்ளிப் பழகிய எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.